பாதை அந்தக் கரையில்

பாஸிலின் லொறி ஓட்டமாவடி தாண்டியதை
இப்போது பாஸில் சொல்வதில்லை.
பச்சைப் புள்ளி சொல்கிறது.
முன்பென்றால் விடியப்புறம் கோல் வரும்:
"புணானையில யானை மறிச்சிட்டு தங்கச்சி, லேற்றாகும்."
யானையின் பருமன்
அவன் தேத்தண்ணி குடித்த நேரத்தைப் பொறுத்தது.

பொய் குறைந்தது உண்மை.
டீசல் குறைந்ததும் உண்மை.
வெறும் பெட்டியாய்க் கொழும்பு திரும்பிய லொறி
இப்போது வாழைச்சேனைக் கருவாட்டோடும்
மண்டூர் நிரோசினி தைத்த சட்டைகளோடும் போகிறது
(வேறு வேறு மூலையில்).
வெள்ளவத்தையில் ஒருத்தி விரலால் தொட
களுவாஞ்சிகுடியில் என் மேசை அதிர்கிறது.
இதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
என் சம்பளமும் அந்த அதிர்வில்தான்.

மாதம் முடிய ஒரு வரைபு வரும்.
நாலு நாடு, ஒரே மென்பொருள், நடுவில் ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே
தெருவுக்குப் பெயரும் கதவுக்கு இலக்கமும் உள்ள ஊர்கள்.
கீழே, சிவப்பில், எள்ளளவு: நாங்கள்.
எழுபத்தொரு வீதம்.
திரையில் ஒருவர் கனிவாகத்தான் கேட்டார்,
கருவி ஒன்றுதானே, விளைவு ஏன் ஒன்றில்லை?

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு
ஆறு நிமிடம் என்கிறது வரைபடம்.
வாவியை அது
அறுவடை முடிந்த வயலென்று நினைத்திருக்கிறது.
மார்கழி. கேதாரன் துறையடியில் நிற்கிறான்.
"அக்கா, பாதை அந்தக் கரையில நிக்குது.
ஒரு ட்ரக்டர் ஏற வேணுமாம்."
கொஞ்சம் பொறுத்து,
"காத்து பலமாம். இனி இண்டைக்கு இல்லையாம்."
சுற்றிப் போனால் பட்டிருப்புப் பாலம், வெல்லாவெளி.
பெற்றோல் அவன் கணக்கில்.

பொதி கொடுபடவில்லை. காரணத்தைத் தெரிவு செய்க:
முகவரி பிழை
வாகனம் பழுது
பெற மறுப்பு
ஆள் இல்லை

ஐந்தாவது இல்லை.
நான் நாலாவதைத் தொட்டேன்.

பத்து நிமிடத்தில் நிரோசினி:
"நான் வீட்டில இல்லையெண்டு மெசேஜ் வந்திருக்கு.
காலையில இருந்து கேற்றடியிலதான் நிக்கன்.
மெசின் மோட்டர் இல்லாம முப்பத்தெட்டு யூனிபோம் கிடக்கு.
நான் எங்க போயிருந்தனாம்,
அதையும் உங்கட போனிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

வரைபில் எங்களுக்குப் பக்கத்தில்
இன்னொரு சிவப்புப் புள்ளி இருக்கிறது.
ஏதோ ஆபிரிக்க ஏரிக்கரை ஊர், பெயர் நாவில் நிற்கவில்லை.
அங்கேயும் ஒருத்தி
நாலாவதைத் தொட்டிருப்பாள்.

தலைமையகத்துக்கு எழுதினேன்:
ஐந்தாவது காரணம் வேண்டும். பாதை அந்தக் கரையில் நின்றது.
மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தார்கள்.
தெரு எப்படி ஒரு கரையில் மட்டும் நிற்கும்
என்று கேட்டு முறைப்பாட்டை மூடினார்கள்.
எங்களுக்குப் பாதை என்றால்
மிதக்கும் இரும்பு, பலகை, எஞ்சின் புகை,
எட்டு மோட்டார்சைக்கிள், மூன்று ரீச்சர்மார், ஓர் ஆடு.
தார் போட்டதற்குப் பெயர் றோட்டு.

பங்குனியில் ஒரு வேலை செய்தேன்.
மண்டூர் முகவரிகள் எல்லாவற்றையும் தூக்கி
குருமண்வெளித் துறையடியில் ஒரே புள்ளியாகக் குத்தினேன்.
கேதாரன் தேத்தண்ணிக் கடையில் பொதியை வைத்துப்
படம் பிடிப்பான். கொடுபட்டது.
தொண்ணூற்றுநாலு.

கனிவானவர் கைதட்டினார்.
என்ன புதுத் தொழில்நுட்பம் கொண்டுவந்தீர்கள்,
ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டாம்,
மற்ற நாடுகளுக்கும் காட்டவாம்.

எழுத உட்கார்ந்தேன். கேதாரனின் இன்றைய படம் வந்தது.
கடை மேசையில் பொதி.
பொதிக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீரில் பாதை,
பாதையில் குடையோடு நிரோசினி,
இடுப்பில் கொழும்புக்கான சட்டைக் கட்டு,
தையலை நிறுத்திவிட்டு வருகிறாள்.
திரையில் அவளுக்குப் புள்ளி இல்லை.
பாதைக் காசு
அவள் கணக்கில்.